பதினாறாம் அறையில் ஆள் இல்லை

யிப் குலச் சங்கக் கட்டடம்,
மூன்றாம் மாடி, அறை 16,
வான்கூவர்.
சீனக் கணக்கில் எட்டாம் மாதம், இருபத்தெட்டாம் நாள்.

மறைந்தும் மரியாதை குறையாத மூன்றாம் சித்தப்பா யிப் சௌமிங் அவர்களுக்கு, உங்கள் பெரிய அண்ணன் மகன் ஹொக்சான் மூன்று முறை குனிந்து எழுதிக்கொண்டது.

இங்கே நாங்கள் நலம் என்று எழுதினால் அது பொய். அங்கே நீங்கள் நலமா என்று கேட்டால் அது கிண்டல். போய் நான்கு வருடமான மனிதரிடம் உடம்பு எப்படி என்று விசாரிக்கும் துணிச்சல் எனக்கு இல்லை. ஆகவே நான் கேட்டுவிட்டதாகவும் நீங்கள் பதில் சொல்லிவிட்டதாகவும் வைத்துக்கொள்ளுங்கள். விஷயம் அவசரம். ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாள் உங்கள் கல்லறைக்கு வந்து, வறுத்த பன்றியும் மூன்று கிண்ணம் மதுவும் வைத்து, இந்தக் கடிதத்தை எரிக்கப்போகிறேன். உறையின்மேல் உங்கள் பெயர், சொந்த ஊர், இறந்த தேதி எல்லாவற்றையும் தெளிவாக எழுதியிருக்கிறேன். போன வருடம் எரித்த காகிதக் கம்பளிச் சட்டை உங்களுக்கு வந்து சேரவில்லை என்று சித்தியின் கனவில் வந்து கத்தினீர்களாமே, அந்தக் குழப்பம் இந்த முறை நடக்காது.

விஷயம் இதுதான். சித்தியைத் தவறுதலாக உங்களிடம் அனுப்பிவிட்டோம். தயவுசெய்து ஏற்றுக்கொள்ள வேண்டாம். சித்தி இன்னும் உயிரோடுதான் இருக்கிறாள். சிக்கலே அதுதான்.

நீங்கள் போன பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சுருக்கமாகச் சொல்ல எனக்கு வராது என்பது உங்களுக்குத் தெரியும். நம் சங்கத் தலைவர் தாய்ஃபுக் கட்டடத்தை ஒரு கம்பெனிக்கு விற்கப் பேசி முடித்துவிட்டார். "கூரை ஒழுகுது, குழாயெல்லாம் துருப்புடிச்சுப் போச்சு, இதை வச்சுக்கிட்டு என்ன பண்றது?" என்று கூட்டத்தில் கேட்டார். முப்பது வருடமாகத் தலைவர் அவர்தான், கூரையும் அந்த முப்பது வருடமாகத்தான் ஒழுகுகிறது என்று நான் சொன்னேன். "சின்னப் பையன் பேசாம உக்காரு" என்றார்கள். எனக்கு இருபத்தேழு வயது, பார்சல் வண்டி ஓட்டுகிறேன், முதுகுவலி வேறு வந்துவிட்டது. இந்தத் தெருவில் சின்னப் பையனாக இருப்பதற்கு எழுபது வயதுக்குக் கீழே இருந்தால் போதும். கம்பெனி இந்த இடத்தில் பன்னிரண்டு மாடி கட்டப்போகிறது. கீழே கடைகள், காபிக் கடை, பல் டாக்டர். மேலே நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள். மூலையில் ஒரு பித்தளைத் தகடு வைத்து, யிப் குலத்தார் ஒரு காலத்தில் இங்கே இருந்தார்கள் என்று எழுதுவார்களாம். கட்டடத்துக்குப் பெயர் 'பச்சைக்கல் விளக்கு'. பச்சைக்கல்லும் கிடையாது, விளக்கும் கிடையாது. முதியவர்களுக்குக் கட்டுப்படியாகும் வாடகையில் பத்து வீடு உண்டு என்று நோட்டீசில் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். யாருக்குக் கட்டுப்படியாகும் என்று போடவில்லை. அந்தப் பத்து வீட்டுக்கு விண்ணப்பிக்கத் தேவையான வருமானம் சித்தியின் பென்ஷனைப்போல் மூன்று மடங்கு. ஆனால் ஒரே ஒரு நல்ல விஷயம் இருந்தது. இப்போது அறைகளில் குடியிருப்பவர்கள் என்று பட்டியலில் பெயர் ஏறியவர்களுக்கு மட்டும் வேறு இடம் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்று நகரமன்றம் சொல்லிவிட்டது. பட்டியலில் பெயர் இல்லாதவர்கள் குளிர்காலத் திருநாளுக்கு முன் மூட்டை கட்ட வேண்டும்.

இப்படிக் கட்டுவதற்கு முன் ஊரைக் கேட்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஊர் சொல்லும் பதிலைக் கேட்க வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. அதனால் கம்பெனிக்காரர்கள் ஏழாம் மாதம் பதினொன்றாம் நாள் நம் சங்கத்துக் கீழ்க்கூடத்தில் அந்தக் கட்டடத்தின் மாதிரி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். வெள்ளை அட்டையும் மெல்லிய மரச் சட்டமும் வைத்து, இடுப்பு உயரத்துக்கு, மிக நேர்த்தியாகச் செய்திருந்தார்கள். ஒவ்வொரு மாடியையும் மூடியைப்போல் தனித்தனியாகத் தூக்கலாம். உள்ளே கட்டில், மேசை, குளியல் தொட்டிகூட இருந்தது. பக்கத்தில் ஒரு பலகை நட்டு, கருத்தை எழுதி ஒட்டுங்கள் என்று மஞ்சள் தாள் கட்டு வைத்தார்கள். நம் ஆட்களும் ஒட்டினார்கள். பன்னிரண்டாம் அறை மோக் மாமா, அவர்தான் நாற்பது வருடம் உணவகத்தில் வாத்து வறுத்தவர், "அடுப்பு எங்கே?" என்று எழுதினார். மருந்து வேர் விற்கும் கடைக்காரர், "என் கடை இருக்கும் இடத்தில் மரம் வைத்திருக்கிறீர்கள், நான் எங்கே?" என்று எழுதினார். ஒருவர், "ரொம்ப நல்லா இருக்கு, என் மகனுக்கு ஒன்று வேண்டும்" என்று எழுதிப் பெயர் போடாமல் விட்டார். தலைவரின் கையெழுத்து எனக்குத் தெரியாதா? இன்னொருவர் பழைய சக்கர நாற்காலி விற்பனைக்கு என்று போன் நம்பரோடு ஒட்டினார். அதற்குத்தான் அதிகமாக ஆள் கூடியது.

நான் அந்த மாதிரியைக் குனிந்து பார்த்தேன். நடைபாதையில் நாற்பது ஐம்பது குட்டி மனிதர்களை ஒட்டியிருந்தார்கள். எல்லாரும் வெள்ளை, முகமே இல்லை. ஒருவன் நாயைப் பிடித்துக்கொண்டு போகிறான், ஒருத்தி குழந்தை வண்டி தள்ளுகிறாள், இரண்டு பேர் காபிக் கடை வாசலில் கோப்பையோடு நிற்கிறார்கள். அவர்கள் நடுவே ஒருத்திக்கு மட்டும் வண்ணம் பூசியிருந்தது. ஊதா நிறப் பஞ்சுச் சட்டை, சிவப்புச் சக்கரப் பை, கொஞ்சம் இடதுபக்கம் சாய்ந்த நடை. நகம் அளவுதான் இருந்தது. ஆனால் அது சித்திதான். கம்பெனி சார்பில் மக்களோடு பேச அனுப்பப்பட்டிருந்த மெலிசா என்ற பெண்ணைக் கூப்பிட்டேன். அவளும் நம் ஆள்தான், ஆனால் நம் பாஷையை ஏதோ கண்ணாடிப் பாத்திரத்தைத் தூக்குவதுபோலப் பேசுவாள்.

"இது யாரு?"

"ஓ, அவங்களா? தெருவுல அடிக்கடி போவாங்கல்ல. பாத்தாலே இந்த ஏரியான்னு தெரியும், அதான் வச்சோம்."

"அவங்க பேரு லாய்குவான். இதே பில்டிங்ல பதினாறாம் ரூம். அவங்ககிட்ட கேட்டீங்களா?"

"போட்டோ தெருவுல எடுத்தது. தெருவுல எடுக்கலாம், தப்பில்ல."

"மத்தவங்களுக்கு மூஞ்சியே இல்ல. இவங்களுக்கு மட்டும் ஏன் கலரு?"

"மத்தவங்கல்லாம் இனிமேதானே வரப்போறாங்க," என்றாள் பொறுமையாக. "இவங்க மட்டும்தான் ஏற்கெனவே இருக்கறவங்க."

நான் அங்கேயே அந்தப் பொம்மையைப் பிய்த்து எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. வண்டியில் இருபத்திரண்டு பார்சல் இருந்தது, போய்விட்டேன். என் தப்பு அது.

இனி நடந்தது எல்லாருடைய தப்பும். கூடத்தில் பெரிய மேசை ஒன்றுதான் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும், அது முன்னோர் படையல் மேசை. கம்பெனி ஆட்கள் அதன்மேல்தான் மாதிரியை வைத்திருந்தார்கள். ஏழாம் மாதம் பதினான்காம் நாள் பசித்த ஆவிகளுக்குப் படைக்கும் நாள். வழக்கம்போல ஒவ்வொரு வீட்டாரும் பன்னிரண்டாம் தேதியிலிருந்தே காகிதச் சட்டை, காகிதச் செருப்பு, காகிதப் போன், காகிதப் பல்செட்டு என்று கொண்டுவந்து மேசையில் வைக்க ஆரம்பித்தார்கள். நடுவில் பன்னிரண்டு மாடியில் ஒரு காகித வீடு நிற்கிறது. வேறு என்ன நினைப்பார்கள்? கருத்துத் தாளில் எழுதினவர்களே இரண்டே நாளில் அதை மறந்து ஆரஞ்சை எடுத்து முன்னால் அடுக்கினார்கள். மோக் மாமா ஊதுவத்தி செருகிவிட்டு, "கம்பெனிக்காரனுக்கும் மனசு இருக்கு பாரு, முன்னோருக்கு வீடு பண்ணி அனுப்பியிருக்கான்" என்றாராம். "சுவத்துல செவப்பு ஒரு பொட்டுகூட இல்லையே" என்றாளாம் ஒரு கிழவி. "வெளியாளு கைவேலை அப்படித்தான் இருக்கும், குடுத்ததைக் கொறை சொல்லாத" என்று இவர் அடக்கியிருக்கிறார். மெலிசா வந்து ஊதுவத்தியையும் ஆரஞ்சையும் பார்த்து, நெகிழ்ந்துபோய், போட்டோ எடுத்து, மக்கள் மாதிரியைப் பக்தியோடு வரவேற்றார்கள் என்று மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினாள். பதினான்காம் நாள் சாயங்காலம், தலைவர் கம்பெனிக்காரர்களோடு ரிச்மண்டில் மீன் தின்னப் போயிருந்த நேரத்தில், நாலு பேர் சேர்ந்து அதைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்சந்தில் செங்கல்மேல் வைத்துக் கொளுத்திவிட்டார்கள். வழக்கமாக எரிக்கும் எண்ணெய்ப் பீப்பாயில் அது அடங்கவில்லையாம். முதலில் கையை வைத்தது யார் என்று கேட்டால் ஆளாளுக்கு அடுத்தவரைக் காட்டுகிறார்கள்.

நான் வண்டியோடு வந்தபோது மேல் மாடிகள் போய்விட்டன. புகை வெள்ளையாக, நேராக, கொஞ்சம்கூடக் கலையாமல் நின்றது. அன்றைக்கு நல்ல காற்று. குப்பைத் தொட்டிமேல் எப்போதும் அடித்துக்கொள்ளும் கடற்காகங்கள் வரிசையாக உட்கார்ந்து, சத்தமே போடாமல் பார்த்துக்கொண்டிருந்தன. என் வண்டிக் கண்ணாடியில் ஒரு சாம்பல் துண்டு வந்து ஒட்டியது. அதில் எட்டு ஜன்னல், கம்பி உட்பட, அப்படியே இருந்தது. துடைத்தேன். துடைத்த பிறகும் கொஞ்ச நேரம் தெரிந்தது. தலைவர் வாயில் பல்குச்சியோடு வந்து இறங்கினார்.

"பில்டிங் எங்கடா?"

"அனுப்பியாச்சு," என்றார் மோக் மாமா. "எதுக்கும் நீயும் ஒரு கும்பிடு போட்டுக்க."

கம்பெனி கோபித்துக்கொள்ளவே இல்லை. அதுதான் எனக்கு முதல் பயம். மாதிரி முழுமையாக ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று எழுதி, இன்னொன்று செய்யச் சொல்லிவிட்டார்கள்.

மறுநாளிலிருந்து சித்தியிடம் ஏதோ ஒன்று குறைந்தது. என்ன என்று முதலில் எனக்குப் பிடிபடவில்லை. நம் மாடிப்படியில் பதினொன்றாவது படி யார் மிதித்தாலும் பூனையை மிதித்ததுபோலக் கத்துமே, அது சித்திக்குக் கத்தவில்லை. உடம்பு இளைத்துவிட்டாளோ என்று டாக்டரிடம் கூட்டிப்போகலாம் என்றேன். "ஒரு படி வாய மூடினதுக்கு டாக்டரா?" என்று சிரித்தாள். பிறகு மளிகைக் கடையின் கண்ணாடிக் கதவு, ஆள் பக்கத்தில் வந்தால் தானாகத் திறக்கிற கதவு, அவளுக்குத் திறக்கவில்லை. பின்னால் யாராவது வரும்வரை நின்று, அவர்களோடு நுழைந்தாள். அவளுடைய ஊதாச் சட்டையின் ஓரத்தில் விரல் அகலத்துக்குக் கருகியிருந்தது. அடுப்பில் பட்டிருக்கும் என்றாள். படையல் நாளிலிருந்து சித்தி அடுப்பே மூட்டவில்லை, சித்தப்பா. கேட்டால் பசிக்கவில்லை என்கிறாள். ஆனால் முகம் தெளிவாக இருக்கிறது. பாத்திரம் கழுவும்போது ஏதோ பழைய பாட்டை முணுமுணுக்கிறாள். நாற்பத்தொரு வருடத்தில் அவள் பாடி நீங்களாவது கேட்டிருக்கிறீர்களா?

எட்டாம் மாதம் ஆறாம் நாள் கம்பெனியிலிருந்து ஒருவன் குடியிருப்பவர்களைப் பட்டியல் எடுக்க வந்தான். நல்ல பையன், ஷூவைக் கழற்றிவிட்டு வந்தான். அன்றைக்கு எனக்கு விடுமுறை, சித்தியைப் பார்க்க வந்திருந்தேன். பத்தாம் அறை, பன்னிரண்டாம் அறை எல்லாம் முடித்துவிட்டுப் பதினாறுக்கு வந்தான். சித்தி கட்டிலில் உட்கார்ந்து பீன்ஸ் ஆய்ந்துகொண்டிருந்தாள். எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவன் உட்கார்ந்தான். பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். வாங்கிக் குடித்தான், சூடு அதிகம் என்று ஊதிக்கூடக் குடித்தான். குடித்துக்கொண்டே கையிலிருந்த டேப்லெட்டில் தட்டி எழுதினான். நான் எட்டிப் பார்த்தேன். அறை 16, காலி.

"யோவ், என்ன எழுதற? அவங்க உக்காந்திருக்காங்க," என்றேன்.

"யாரு?"

"உனக்கு டீ குடுத்தாங்களே, அவங்க."

அவன் கோப்பையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "நீங்க குடுத்தீங்க. தாங்க்ஸ்," என்றான். பிறகு மிகவும் இரக்கத்தோடு, "உங்களுக்கு வேண்டியவங்க யாராவது இங்க இருந்தாங்களா?" என்று கேட்டான். இருந்தாங்களா என்று கேட்டான், சித்தப்பா. சித்தி இன்னொரு பிடி பீன்சை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டு, "விட்ரா, பாவம், அவனுக்கு இன்னும் மூணு மாடி இருக்கு" என்றாள். நம் கட்டடத்துக்கு மேலே மாடியே கிடையாது, இதுதான் கடைசி. பத்து நாளில் கடிதம் வந்தது. பதினாறாம் அறையில் ஆள் இல்லை என்பதால் மாற்று இடம் எதுவும் ஒதுக்கத் தேவையில்லை.

நான் சண்டைக்குப் போனேன். தலைவரிடம் போனேன், "தப்பா எழுதியிருந்தா நகரமன்றத்துல சொல்லு, பொதுக் கூட்டம் வருதுல்ல" என்றார். எட்டாம் மாதம் இருபத்திரண்டாம் நாள் அந்தக் கூட்டம். யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்து ஐந்து நிமிடம் பேசலாம். சித்தியின் பெயரைக் கொடுத்தேன், அறுபத்தொன்றாவது ஆளாகப் போட்டார்கள். வேலையை விட்டுவிட்டுப் பகல் முழுக்க அங்கே உட்கார்ந்திருந்தோம். எதிர்த்துப் பேசினவர்கள் அழுதார்கள், ஆதரித்துப் பேசினவர்கள் காபிக் கடை வந்தால் தெரு கலகலப்பாகும் என்றார்கள். மூன்று வீடு தள்ளி இருக்கும் இளம் ஜோடி ஒன்று, இங்கே எங்களுக்கு ஒரு சமூகம் வேண்டும் என்று ஏக்கத்தோடு சொன்னது. அந்தச் சமூகம் அவர்களுக்குப் பின்னால் நான்கு வரிசையில் பிளாஸ்கோடு உட்கார்ந்திருந்தது. "அறுபத்தொன்று" என்று கூப்பிட்டார்கள். சித்தி எழுந்து, பையைத் தள்ளிக்கொண்டு, மைக்குக்கு முன்னால் போய் நின்றாள். "அறுபத்தொன்று வரலையா?" என்று இன்னொரு முறை கூப்பிட்டார்கள். "வந்தாச்சு, நின்னுக்கிட்டிருக்காங்க" என்று நான் கத்தினேன், காவலாளி என் தோளில் கை வைத்தான். சித்தி அதற்குள் பேச ஆரம்பித்துவிட்டாள்.

நம் பாஷையிலிருந்து சொல்ல ஒரு மொழிபெயர்ப்பாளரை மூலையில் உட்கார வைத்திருந்தார்கள். அவர் மட்டும் நிமிர்ந்தார். அவருக்குக் கேட்டிருக்கிறது. சித்தி சொல்லச் சொல்ல அவர் இங்கிலீஷில் சொன்னார். ஒரே குளியலறைக்குப் பதினொரு பேர் வரிசையில் நின்றது, குழாய் உறைந்த குளிர்காலம், நீங்கள் படுக்கையில் கிடந்தபோது மாடிக்கு ஸ்ட்ரெச்சர் ஏற முடியாமல் உங்களை நாற்காலியில் கட்டி இறக்கியது, இந்த அறையைவிட்டால் போக இடம் இல்லை என்பது, எல்லாவற்றையும் சொன்னார். அவர் மைக்கைப் பார்க்கவில்லை, மைக்குக்குப் பின்னால் இருந்த ஒரு இடத்தை, அதுவும் கொஞ்சம் தாழ்வாக, சித்தியின் முகம் இருக்கும் உயரத்தில், ஒவ்வொரு முறையும் தேடித் தேடித் தவறவிட்டார். மன்றமே அசையாமல் கேட்டது. முடிந்ததும் ஒரு உறுப்பினர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மனசத் தொட்ட பேச்சு. நீங்க அந்தத் தெருவுல எத்தன வருஷமா இருக்கீங்க?" என்று மொழிபெயர்ப்பாளரைக் கேட்டார்.

"நான் இந்த ஊரே இல்லீங்க, பக்கத்து ஊரு பர்னபி," என்றார் அவர். அப்புறம் தண்ணீர் கேட்டார். குறிப்பேட்டில் அறுபத்தொன்றுக்கு எதிரே, வரவில்லை என்று எழுதினார்கள். கட்டடத்துக்கு அனுமதி கொடுத்துவிட்டார்கள்.

திரும்பி வந்து மோக் மாமாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். போன வாரம் அவருடைய செத்துப்போன தம்பி கனவில் வந்தானாம். புது வீடு கிடைத்துவிட்டது, கீழே கடை, மேலே வீடு, ரொம்ப வசதி என்றானாம்.

"வேலைக்காரங்க நாப்பது அம்பது பேரு கூடவே வந்திருக்காங்களாம். ஆனா யாருக்கும் மூஞ்சி இல்லையாம். எதக் கேட்டாலும் காபிதான் கொண்டுவராங்களாம், டீன்னா புரியலையாம்."

"நல்லதுதானே மாமா."

"அது இல்லடா. போகும்போது திரும்பிப் பாத்து ஒண்ணு கேட்டான்." மோக் மாமா கையைத் தேய்த்துக்கொண்டார். "உங்க பில்டிங் லாய்குவான் இங்க என்ன பண்றாங்கன்னு கேட்டான்."

காகித வீட்டோடு எரிக்கும் காகித ஆட்கள் அங்கே போய் வேலைக்காரர்களாவார்கள் என்பது நாம் எல்லாரும் அறிந்தது. அதனால்தான் பொம்மை செய்கிறவர்கள் உயிரோடு இருக்கும் யாருடைய சாயலிலும் முகம் வரைய மாட்டார்கள். இந்தக் கம்பெனிக்காரர்களுக்கு அது யார் சொல்வது? நம் ஆட்கள் எரிக்கும் முன் குனிந்து பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. மோக் மாமா, "அங்க வந்தாச்சுன்னு எழுதிட்டா, இங்க காலின்னுதான் எழுதுவாங்க. ரெண்டு பக்கமும் ஒருத்தி எப்படி இருப்பா? அங்க இருக்கற சொந்தக்காரன் யாராவது, இவ ஆளு இல்லன்னு திருப்பி அனுப்பினாத்தான் உண்டு" என்கிறார். அங்கே சித்திக்கு உங்களைவிட்டால் யார்?

ஆகவே சித்தப்பா, இதுதான் என் வேண்டுகோள். ஊதாச் சட்டையோடு, சிவப்புப் பையைத் தள்ளிக்கொண்டு, இடதுபக்கம் சாய்ந்து ஒருத்தி வந்தால், அவளைக் கொண்டுவரும் அதிகாரி யாராக இருந்தாலும், இவள் உங்கள் மனைவியா என்று கேட்பார். இல்லை என்று சொல்லுங்கள். நாற்பத்தொரு வருடக் குடித்தனத்தில் அதை நூறு தடவை சொல்லியிருக்கிறீர்கள், சீட்டாட்டத்தில் தோற்று வரும்போதெல்லாம். இன்னொரு தடவை சொல்ல உங்களுக்குக் கஷ்டமாக இருக்காது. அவள் அழுதாலும் இரங்க வேண்டாம். திட்டினால் திருப்பித் திட்டுங்கள், அது அவளுக்குத் திரும்பி நடக்கும் அளவுக்குத் தெம்பு கொடுக்கும். இங்கே திரும்பி வந்தால் இந்தப் படி மறுபடி கத்தும், கதவு திறக்கும், பட்டியலில் பெயர் ஏறும். அதற்குப் பிறகு இந்தக் கம்பெனியோடும் தலைவரோடும் நகரமன்றத்தோடும் நான் போடும் சண்டையை நீங்கள் அங்கிருந்தே கேட்கலாம். உயிரோடு இருக்கிறவளை உயிரோடு இருக்கிறாள் என்று எழுத வைக்கச் செத்தவரிடம் மனுப் போட வேண்டிய ஊர் இது. எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவர்களுக்கு இல்லை.

அங்கே உள்ள யிப் குலத்துப் பெரியவர்கள் அனைவருக்கும் என் வணக்கத்தைத் தெரிவியுங்கள். கடல் தாண்டி வந்து முதல் செங்கலை வைத்தவர்களிடம், செங்கல் இன்னும் நிற்கிறது, வசந்த காலம்வரை நிற்கும் என்று சொல்லுங்கள். உங்கள் வாழ்த்து எங்கள்மேல் இருக்கட்டும், உங்கள் கோபம் தலைவர் தாய்ஃபுக்மேல் இருக்கட்டும்.

வணங்கி முடிக்கும்,
அண்ணன் மகன்
ஹொக்சான்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் இதைச் சித்திக்கு வாசித்துக் காட்டினேன். அவளுக்குத் தெரியாமல் அனுப்புவது சரியில்லை என்று தோன்றியது. பம்ளிமாசு உரித்துக்கொண்டே கேட்டாள். சீட்டாட்டம் வந்த இடத்தில் மட்டும் சிரித்தாள். முடித்ததும், "மேல எழுதினதெல்லாம் அடிச்சிரு" என்றாள்.

"ஏன் சித்தி?"

"தவறுதலான்னு போட்டிருக்க. யாரு சொன்னா தவறுன்னு? அது கம்பெனி வச்ச மாதிரின்னு எனக்குத் தெரியாதா? மொத நாளே அந்தப் பொண்ணுகிட்ட கேட்டேன், இதுல எனக்கு எது வீடுன்னு. நீங்க இதோ இங்க இருக்கீங்கன்னு நடைபாதையக் காமிச்சா. அவ்வளவு பெருசா கட்டி, அத்தன கட்டில் போட்டு, என்னைய மட்டும் மழையில நிறுத்தியிருக்காங்க."

நான் பேனாவின் மூடியைக் கழற்றினேன்.

"பதினாலாம் நாள், நாந்தான் எல்லார்கிட்டயும், எடுங்க, இதுவும் முன்னோருக்கு வந்ததுதான்னு சொன்னேன். மோக்கு மொதல்ல தூக்கினான். அதுக்கு முன்னாடி அந்தப் பொம்மைய நகத்தால பேத்து எடுத்து, மேல் மாடியெல்லாம் தூக்கிட்டு, ஒன்பதாம் மாடியில மலை பாத்த ஜன்னல் பக்கம் வச்சேன். தனிக் குளியலறை இருக்கு. உன் சித்தப்பாவுக்கு எழுது, கீழ காபிக் கடையில போய் உக்காந்துக்கிட்டு என்னையத் தேட வேணாம்னு."

"சித்தி, அது சாவு."

"இது?" என்று மேசையில் கிடந்த கடிதத்தைக் காட்டினாள். அறை 16, ஆள் இல்லை என்று எழுதியிருந்ததே, அந்தக் கடிதம். "அங்க மூணே நாளுல வீடு குடுத்தாங்க. இங்க கவர்மெண்ட் வீட்டுக்கு ஒம்பது வருஷமா வரிசையில நிக்கறேன்."

அப்படியானால் இந்த அறையை விட்டுக் கொடுத்துவிடலாமா என்று கேட்டேன். என்னை முட்டாளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். ஏன் கொடுக்க வேண்டும், இதுவும் இருக்கட்டும், அவர்களாக வந்து சுவரை இடிக்கட்டும், அதுவரை இங்கேதான் என்றாள். "பணக்காரங்க மட்டும்தான் ரெண்டு வீடு வச்சுக்கணுமா?"

ஆகவே சித்தப்பா, மேலே கேட்டது எதையும் செய்ய வேண்டாம். கேட்டால், மனைவிதான் என்று சொல்லிவிடுங்கள். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அவள் உரித்துக் கொடுத்த சுளை என் இடக்கையில் ஈரமாக இருக்கிறது. சற்று நேரமாகத்தான் அவளைக் காணோம். இந்த அறைக்கு ஒரே கதவு, நான் அதில்தான் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருக்கிறேன்.